ஆர்ட்லூய் அடிவாரத்தில் ஒரு நிறுத்தம்

போடியில் ஏலக்காய்க் கடையில் கம்ப்யூட்டர் பார்க்கிற பொம்பளைக்கு ஸ்காட்லாந்து ரயில்பாதையோடு என்ன சோலி என்று கேட்காத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி எனக்குத் தொண்டைத் தண்ணி வற்றிவிட்டது. அதனால் ஒரேயடியாக எழுதி வைத்துவிடுகிறேன். இனிமேல் கேட்கிறவர்கள் இதைப் படித்துக்கொள்ளட்டும்.

எனக்கு ரயில் பைத்தியம். பழைய சின்னப் பாதையைப் பெயர்த்துவிட்டு அகலப் பாதை போடுகிறோம் என்று சொல்லி, ஊரை வருசக்கணக்கில் ரயிலே இல்லாமல் போட்டு வைத்திருந்தார்களே, அப்போது பிடித்த பைத்தியம். நிஜ ரயில் வராவிட்டால் போகிறது, நாமே ஓட்டிக்கொள்வோம் என்று ரயில் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றை வாங்கினேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, சிக்னல் பார்த்து, அளவாகப் பிரேக் பிடித்து, பிளாட்பாரத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கொஞ்சம் தாண்டி நிறுத்தினால் மானம் போய்விடும். பிற்பாடு ஊருக்கு நிஜ ரயிலே திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் எனக்குப் பைத்தியம் தெளியவில்லை.

என் வீட்டுக்காரர் ஜீப்பு டிரைவர். விடிந்ததும் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலை ஏறுவார். சாயங்காலம் அவர்களை இறக்கிக்கொண்டு வருவார். என் விளையாட்டைப் பார்த்தாலே அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். தண்டவாளம் தன்னால் போகிற இடத்துக்குப் போகிறது, இதில் நீ எதை ஓட்டுகிறாய் என்பார். நானும் விடமாட்டேன். ஒருநாள் உட்கார்ந்து ஓட்டிப் பாருங்கள், அப்புறம் வாயைத் திறங்கள் என்பேன்.

அந்த ஒருநாள் வந்த விதம்தான் நன்றாக இல்லை. தோட்டத்தில் மூட்டை தூக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. படுக்கை, மாத்திரை, பெல்ட்டு என்று எல்லாம் ஆன பிறகு தேனி டாக்டர் கடைசியாகச் சொன்னார்: வண்டியில் உட்கார்ந்து போகலாம், ஓட்டக் கூடாது. மலைப்பாதையில் கிளச்சையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி மிதிக்கிற பேச்சே கூடாது. ஜீப்பு என் கொழுந்தனார் கைக்குப் போனது. இவர் வீட்டில் நாற்காலிக்கு வந்தார்.

உட்கார்ந்து போகலாம் என்று டாக்டர் சொன்னதை மட்டும் இவர் காதில் வாங்கவேயில்லை. இவருடைய அக்காவை மலைக்கு மேலே பூப்பாறையில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அக்கா போன் போட்டுக் கூப்பிடாத வாரம் இல்லை. அவள் பேத்திக்குக் காது குத்தினார்கள், அக்காவின் பிறந்த வீட்டுச் சார்பாக நானும் கொழுந்தனாரும்தான் போய்வந்தோம். இவர் வரவில்லை. கேட்டதற்கு ஒரே பேச்சு.

"ஏறுனா ஸ்டியரிங்கப் பிடிச்சு ஏறுவேன். ஓரத்துல உக்காந்து, போற வர்றவனெல்லாம் பாக்க, அந்த மலைய நான் ஏற மாட்டேன்."

சொன்னவர் அதோடு மலைப்பக்கம் திரும்புவதையே நிறுத்திவிட்டார். எங்கள் மாடியில் ஏறினால் மலை முகத்துக்கு நேரே நிற்கும். மனுசன் துணி காயப்போட வந்தால்கூடக் கிழக்கே பார்த்துக்கொண்டு காயப்போடுவார். சிரித்துச் சிரித்து என்னை வம்புக்கு இழுக்கிற ஆள், வாய் செத்துப்போய் உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிவந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தேன். முதல் ஸ்டேஷனில் பிளாட்பாரத்தைத் தாண்டி வெகுதூரம் போய் நிறுத்தினார். நான் சிரித்தேன். ரோசம் வந்து, திரும்பவும் ஓட்டினார். ஒரே வாரத்தில் என்னைவிட நன்றாக நிறுத்தினார். அடுத்த வாரம் அலுப்புத் தட்டிவிட்டது. விளையாட்டில் இருந்த பாதைகள் எல்லாம் ஜெர்மனிச் சமவெளி, லண்டன் புறநகர், அமெரிக்கப் பாலைவனம். வளைவு கிடையாது, ஏற்றம் கிடையாது, மழை பெய்தாலும் பேருக்குப் பெய்யும். சின்னமனூர் ரோடு மாதிரி இருக்கிறது, இதற்கு டிரைவர் எதற்கு, செங்கல்லை ஆக்சிலேட்டரில் வைத்தால் போதும் என்றார். மலை இருந்தால் சொல் என்று எழுந்து போய்விட்டார்.

மலைக்கு எங்கே போவது? வீடியோ வீடியோவாகத் தேடினேன். அப்படித்தான் ஸ்காட்லாந்தின் மேற்கு மலைப்பாதை என் கண்ணில் பட்டது. ரெண்டே பெட்டி டீசல் ரயில். ஒற்றைத் தண்டவாளம். ஒரு நீள ஏரியை ஒட்டியே வந்து, ஏரி முடிகிற இடத்தில் ஆர்ட்லூய் என்ற குட்டி ஸ்டேஷனில் நின்று, அதைத் தாண்டினதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மலையேறுகிறது. மழை, மூட்டம், பாறையில் வழிகிற தண்ணி, பச்சை. பார்த்த உடனே எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஓலைப்பாயைச் சுருட்டினது மாதிரி வளைந்து வளைந்து போகிறதே, அட, இது நம்ம பாதை.

விளையாட்டில் அந்தப் பாதை இல்லை. ஆனால் விளையாட்டுக்காரர்கள் கூடிப் பேசுகிற இணையப் பக்கத்தில் ஒரு வழி இருந்தது. இன்ன பாதை வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம். மற்றவர்கள் வாக்குப் போடுவார்கள். மேலே வருகிறவற்றைக் கம்பெனி பரிசீலிக்கும். ஸ்காட்லாந்தில் எத்தனை லட்சம் பேர் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவருக்கும் தோன்றாதது எனக்குத் தோன்றியிருக்கிறது என்று நினைத்தபோது தலைகால் புரியவில்லை.

எழுத உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஏலக்காய் இங்கிலீஷ். ஏலத்துக்கு வரும் சரக்கைப் பற்றி வடநாட்டு வியாபாரிகளுக்கு மெயில் போட்டுப் பழகின கை வேறு மாதிரி எழுதுமா? மதிப்பிற்குரிய ஐயா என்று ஆரம்பித்தேன். நிறம்: நல்ல காய்ப்பச்சை. மழை: நாள் முழுக்க, விட்டு விட்டு. பனிமூட்டம்: அடர்த்தி, கலப்படம் இல்லை. ஏற்றம்: கண்ணால் பார்த்து உறுதி செய்யலாம். சரக்கைப் பார்த்துத் திருப்தியானால் வாக்களிக்கவும், தங்கள் மேலான உத்தரவை எதிர்பார்க்கிறோம் என்று முடித்தேன். பிற்பாடு ஒருவர் இதைப் படித்துவிட்டு, ஒரு பெட்டி அனுப்பி வையுங்கள் என்று பதில் போட்டிருந்தார்.

வெறும் எழுத்துக்கு அங்கே மதிப்புக் கம்மி. பாதையில் கொஞ்ச தூரமாவது நாமே கட்டி, ஓட்டி, வீடியோ போட வேண்டும். கட்டுவதற்கு விளையாட்டிலேயே சாமான் இருக்கிறது. வரைபடத்தைப் பார்த்துத் தண்டவாளம் போட்டு, மலையை நிமிர்த்தி, மரம் நட வேண்டும். ஆர்ட்லூயில் இருந்து அந்த ஏற்றத்தை மட்டும் கட்டுவது என்று முடிவெடுத்தேன். ஞாயிற்றுக்கிழமையெல்லாம் அதற்கே போனது. நான் நட்ட மரத்தை எல்லாம் பார்த்துவிட்டு, இது ஸ்காட்லாந்தா ஏலத்தோட்டமா, நிழலுக்கு இவ்வளவு மரம் எதற்கு என்று பின்னால் நின்று ஒரு குரல் கேட்டது. இவர்தான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இந்த வளைவில் தண்ணி இந்தப் பக்கம் இறங்காது, அந்தப் பக்கம்தான் இறங்கும் என்றார். படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவரிடம் காட்டிக்கொள்ளாமல், சரி சரி மாற்றுகிறேன் என்றேன்.

வீடியோவுக்கு அவரே ஓட்டினார். நான் பதிவு செய்தேன். திரும்பவும் போட்டுப் பார்த்தோம். அருமையாக இருந்தது. ஒரு குறையும் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த இணையப் பக்கத்தில் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் கடையில் வேலைக்கு நடுவே திறந்து பார்த்தால் கருத்துக்கள் குவிந்து கிடந்தன. வாக்கு வந்திருக்கிறது என்று ஆசையாகப் படித்தேன். ஒருவர் கேட்டிருந்தார்: ரயில் ஏன் ஒவ்வொரு வளைவிலும் ஹார்ன் அடிக்கிறது? இன்னொருவர்: அங்கே ஆடு மேய்கிறது, அவற்றின் நிம்மதிக்கு யார் பொறுப்பு? சிக்னல் கம்பத்தின் படத்தைத் தன் படமாக வைத்திருந்த ஒருவர் கறாராக எழுதியிருந்தார்: ஸ்டேஷனைத் தாண்டி, ஏற்றம் தொடங்குமுன், சிக்னலும் இல்லாத, பிளாட்பாரமும் இல்லாத காட்டில் ரயில் நிற்கிறது. எதற்காக? முன்மொழிகிறவருக்கு ரயில் விதிகளே தெரியவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. போடிமெட்டு ஏற்றம் தொடங்குகிற முந்தல் அடிவாரத்தில் சாமி இருக்கிறது. மலையேறுகிற எந்த வண்டியும் அங்கே நிற்காமல் ஏறாது. இறங்கி, எலுமிச்சம்பழம் வைத்து, சூடத்தைக் கொளுத்தி, விபூதியை ஸ்டியரிங்கில் ஒரு கோடு, நெற்றியில் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் கியரைப் போடுவார்கள். அப்புறம் வளைவுக்கு வளைவு ஹார்ன். இந்த மனுசன் ஸ்காட்லாந்திலும் அதையே செய்திருக்கிறார். அவர் செய்ததுகூடப் பெரிதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்து, திரும்பப் போட்டும் பார்த்த எனக்கு அது தப்பாகவே தெரியவில்லையே. வண்டி அடிவாரத்தில் நிற்கிறது, பிறகு ஏறுகிறது, இதில் பார்க்க என்ன இருக்கிறது என்று இருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து ஆடித் தீர்த்தேன். உலகமே சிரிக்கிறது, ரயிலுக்கு எதற்கையா அடிவாரத்துச் சாமி என்றேன். அவர் கோபப்படவில்லை. அடிவாரத்தில் நிற்காமல் எவன் ஏறுவான் என்று மட்டும் கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டார். பழையபடி வாய் மூடிக்கொள்ளுமோ என்று எனக்குப் பகீர் என்றது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வீடியோவை எடுத்துவிடலாம், ஒழுங்காக இன்னொன்று ஓட்டச் சொல்லலாம் என்று திறந்தால், புதிதாக ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பாதையை ஒட்டி ஆட்டுப்பண்ணை வைத்திருக்கிற ஒரு அம்மாளாம். நீங்கள் நிறுத்தினது எங்கள் தகரக் கொட்டகைக்கு நேர் பின்னால், அங்கே ரயில் நின்று நான் பார்த்ததே இல்லை, ஏன் நிறுத்தினீர்கள் என்று சொன்னால் சந்தோசப்படுவேன் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்.

மரியாதையாகக் கேட்டால் மறைக்க முடியுமா? எல்லாவற்றையும் எழுதினேன். போடிமெட்டு, ஜீப்பு, முந்தல், சூடம், எலுமிச்சம்பழம், முதுகு, நாற்காலி, ஒன்று விடவில்லை. அந்த அம்மாள் திரும்ப ஒரே ஒரு கேள்வி கேட்டார்: அங்கே நின்று உங்கள் கணவர் சாமியிடம் என்ன கேட்பார்? இத்தனை வருசம் குடும்பம் நடத்தியும் எனக்கு அது தெரியாது. மாடிக்குப் போய்க் கேட்டேன்.

கிழக்கே பார்த்தபடியே சொன்னார்: "ஏத்துன ஆளுகளப் பூரா திருப்பிக் கொண்டாந்து எறக்கிவிடணும்னு கேப்பேன். ஏர்றத நான் பாத்துக்கிருவேன். எறக்கிவிடத்தான் சாமி."

அதை அப்படியே இங்கிலீஷில் எழுதிப் போட்டேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஆளாளுக்கு அடிவாரத்தில் நிறுத்தி வீடியோ போட ஆரம்பித்துவிட்டார்கள். ஜப்பான்காரர் ஒருவர் தன் மலைப்பாதையில் நிறுத்தினார். சுவிட்சர்லாந்தில் ஒருவர் நிறுத்தி, கீபோர்டு பக்கத்தில் எலுமிச்சம்பழம் வைத்துப் படம் போட்டார். ஆட்டுப்பண்ணை அம்மாள் அந்த இடத்தை நாலு பக்கமும் படம் எடுத்து அனுப்பி, மரம் ரொம்ப ஜாஸ்தி, பாதியை வெட்டுங்கள் என்றும் சொன்னார். இவர் அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. சிக்னல் கம்பத்துக்காரர் மட்டும் கடைசிவரை மசியவில்லை. விதி விதிதான் என்று எழுதிக்கொண்டே இருந்தார். ஆனால் வாக்குப் போட்டவர்கள் வரிசையில் அவர் படமும் இருந்தது.

கம்பெனியின் பதில் வந்த அன்று கடையில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. இப்போதெல்லாம் ஏலம் கம்ப்யூட்டரில்தான். திரையில் விலை ஏறும், இறங்கும், மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் பக்கத்துத் திரையில் மெயிலைத் திறந்தேன். தங்கள் பாதையை எடுத்துக்கொள்கிறோம் என்று இருந்தது. ஆத்தாடி என்று கத்திவிட்டேன். ஏலம் நடக்கும்போது திரையைப் பார்த்து ஒருத்தி கத்தினால் ஏலக்காய்க் கடையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். முதலாளி துள்ளி எழுந்து, சரக்கைக் கொடுக்காதே, நிறுத்து, விலை எகிறுகிறது என்று போனில் கத்தினார். எடை போடுகிறவர் ஓடிவந்தார். பக்கத்துக் கடைக்காரரும் ஓடிவந்தார். எல்லோரும் திரையைப் பார்த்தால் விலை கிடந்த இடத்திலேயே கிடந்தது. ஸ்காட்லாந்து கிடைத்துவிட்டது என்றேன். முதலாளி என்னை ஒரு முறை பார்த்துவிட்டுத் தண்ணி குடித்தார். சாயங்காலம் அவரே எல்லோருக்கும் பால்கோவா வாங்கிக் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாதை கட்டி முடித்து வெளிவர அடுத்த மழைக்காலம் ஆகிவிட்டது. வந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஜீப்பு டிரைவர்கள் கூடிவிட்டார்கள். கொழுந்தனார் முன்வரிசையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இவர் குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஏரியை ஒட்டி ஓட்டினார். ஆர்ட்லூயில் பிளாட்பாரத்தில் பிசகாமல் நிறுத்தினார். டிரைவர்கள் தலையை ஆட்டினார்கள். கிளம்பி, ஏற்றத்துக்கு முன்னால் அந்தத் தகரக் கொட்டகை வந்ததும் நிறுத்தினார். கம்பெனிக்காரர்கள் அம்மாள் படத்தைப் பார்த்து அச்சு அசலாகக் கட்டியிருந்தார்கள். வேலிக் கல்லின் தலையில் மஞ்சளாக ஏதோ ஒன்று இருந்தது. எலுமிச்சம்பழம்தான் என்று இவர் அடித்துச் சொன்னார். டிரைவர்களும் ஆமாம் என்றார்கள். எனக்கு என்னவோ சின்னப் பலகை மாதிரித்தான் பட்டது. ஆனால் அந்தக் கூட்டத்தில் வாயைத் திறக்க நான் என்ன கிறுக்கியா?

அதற்குள் மனுசன் விபூதியை எடுத்துக் கீபோர்டில் ஒரு கோடு இழுத்துவிட்டார். என் கீபோர்டு. பதறிப்போய் முந்தானையால் துடைத்தேன். துடைத்த வேகத்தில் ஏதோ ஒரு பொத்தான் அமுங்கிவிட்டது. திரை புரண்டது. டிரைவர் சீட்டைக் காணோம். பயணி சீட்டில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். வண்டி தானாக ஏற ஆரம்பித்துவிட்டது. டிரைவர் இல்லாமல் வண்டி போகுது என்று கொழுந்தனார் கத்தினார். ஆளாளுக்கு ஒரு பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நான் கையை நீட்டினேன்.

"இருக்கட்டும், விடு" என்றார் இவர்.

ஜன்னலில் மழைத்தண்ணி கோடு கோடாக ஓடியது. அதற்கு அப்பால் பள்ளத்தாக்கு முழுசாகத் திறந்துகொண்டது. கீழே ஆறு. பாறையில் அருவி விழுந்துகொண்டிருந்தது. மூட்டம் விலகி மலை உச்சி தெரிந்து, மறுபடி மூடியது. பொத்தானை அமுக்கச் சொன்னவர்களெல்லாம் திரைக்குக் கிட்டே நகர்ந்து வந்தார்கள். எல்லோருமே டிரைவர்கள் அல்லவா, ஒருத்தரும் இப்படி உட்கார்ந்து மலையைப் பார்த்தது கிடையாது போலிருக்கிறது. மேல் ஸ்டேஷன் வரும்வரை இவர் அசையவில்லை.

"நம்ம மலையிலயும் இப்படித்தான இருக்கும்?" என்று என்னிடம் கேட்டார். "நான் ரோட்டத் தவிர ஒண்ணும் பாத்ததில்ல."

ஆமாம் என்றேன்.

மறுநாள் காலையில் ஜீப்பு எங்கள் வாசலில் வந்து நின்றபோது இவர் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வெளியே நின்றார். நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். கொழுந்தனார் பதறி இறங்கி, "அண்ணே, நீங்க ஓட்டுறீகளா?" என்றார். டாக்டர் சொன்னதை மறந்துவிட்டார், பாவம்.

"நீயே ஓட்டுடா. எனக்கு ஓரத்து சீட்டு. அக்கா வீட்டுல எறக்கிவிட்டுரு."

தோட்டத்துப் பெண்கள் நெருங்கி உட்கார்ந்து பின்சீட்டில் எனக்கு இடம் விட்டார்கள். முந்தலில் வண்டி நின்றது. இவர் இறங்கிப்போய்ச் சூடத்தைக் கொளுத்தினார், வந்து ஓரத்தில் உட்கார்ந்தார், தம்பியின் நெற்றியில் விபூதி இழுத்தார். வண்டி ஏறியது. முதல் வளைவில் இவருடைய வலது கால் தகரத்தில் பிரேக்கைத் தேடி அழுத்தியதைப் பின்னாலிருந்து பார்த்துச் சிரித்தேன். ரெண்டாவது வளைவிலும் அழுத்தினார். அதற்குப் பிறகு பள்ளத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே போடி, வயல், தென்னை எல்லாம் வெயிலில் மின்னியது. எதிரே பாறையில் வெள்ளையாகத் தண்ணி இறங்கிக்கொண்டிருந்தது. இவர் அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறைக்கவும் இல்லை.

அண்ணன் அழுவதைப் பார்த்த கொழுந்தனார் அடுத்த வளைவில் ஹார்ன் அடிக்க மறந்துவிட்டார். இவர் அருவியிலிருந்து கண்ணை எடுக்காமலே ஓரத்திலிருந்து கையை நீட்டி ஹார்னை அழுத்தினார்.